திருடிக்குத் தருவதாயிருந்த கைகள்

என் தோழி எடுத்த படத்தில் ஒரு திருடி வருகிறாள். கறுப்புக் கோட்டு, கணுக்காலுக்கு மேல் ஏறும் பூட்ஸ், மழை பெய்து ஓய்ந்த கடைத்தெரு, ஈரத் தரையில் கலைந்து கிடக்கும் சிவப்பு விளக்கொளி. தனியாளாக, மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்து இரும்புப் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே இருப்பதையெல்லாம் விட்டுவிட்டு ஒரே ஒரு பதக்கத்தை எடுத்துக்கொண்டு, விடியற்காலைக் கொமுட்டர் ரயிலில் ஏறி வீட்டுக்குப் போகிறாள். அதற்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் போகிறாள். டிக்கெட் என் யோசனை.

அந்தத் திருடி எங்கள் இருவருக்கும் பிறந்தவள். பள்ளியில் படிவம் நான்கில், பதினாறு வயதில் படித்தபோது, பிரிக்பீல்ட்ஸில் தோழியின் அடுக்குமாடி வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து அவளை உருவாக்கினோம். பின்பக்கம் ரயில் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்துவோம். போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு நிம்மதி என்பதால் திருடியின் சட்டதிட்டங்கள் என் பொறுப்பு. யாரையும் அடிக்கக் கூடாது. ஓடக் கூடாது, ஓடுகிறவளைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். ஒரு பொருளுக்கு மேல் எடுக்கக் கூடாது. தண்ணீர் குடித்த குவளையைக் கழுவி வைக்க வேண்டும். உடை, நடை, தலைமுடி எல்லாம் தோழியின் பொறுப்பு. கோட்டு அவள் யோசனைதான்.

"இந்த ஊரு வெயில்ல கோட்டாடீ? வேர்த்தே செத்துருவா."

"ஸ்டைலுலா. உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ ரூல்ஸ மட்டும் சொல்லு."

பிறகு அவள் பங்சாரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் சேர்ந்து சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும் படம் எடுத்தாள். நான் போலிடெக்னிக்கில் மெக்கட்ரோனிக்ஸ் முடித்து, கிள்ளானில் இரும்புப் பெட்டிகளையும் காப்பறைக் கதவுகளையும் பழுதுபார்க்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். வேலையைச் சொன்னதும் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: காதை வைத்துக் கேட்டுத் திறப்பாயா? இல்லை. உரிமையாளர் எண்ணை மறந்திருப்பார்; அல்லது எண் தெரிந்த அப்பா யாரிடமும் சொல்லாமல் இறந்திருப்பார்; அல்லது பூட்டுக்குள் ஏதாவது தேய்ந்திருக்கும். பெரும்பாலும் துளை போட்டுத்தான் திறப்போம். சத்தம் தாங்காமல் பக்கத்துக் கடைக்காரர் வந்து திட்டுவார். கடைசியில் இரும்புத் தூளை வேக்குவம் வைத்து நானே உறிஞ்சி எடுப்பேன். ஸ்டைல் என்று எதுவும் இல்லை.

ஆனால் டயலைத் திருப்புவது எனக்குப் பிடிக்கும். எண்களை மாற்றிக் கொடுத்த பிறகு, சரியாக விழுகிறதா என்று சோதிக்க நான்தான் திருப்ப வேண்டும். மூன்று விரல் போதும். மணிக்கட்டு அசையக் கூடாது. கடைசி எண்ணுக்கு வரும்போது உள்ளே ஏதோ ஒன்று இடம் கொடுப்பது விரல் நுனியில் தெரியும். அந்த நேரத்தில் என் கைகள் அழகாக இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம். யாரிடமும் சொன்னதில்லை. தோழிக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைத்ததும் என்னைப் பங்சாருக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்தாள்.

"பெட்டி தொறக்க நீதான் அவளுக்குச் சொல்லிக் குடுக்கணும்."

"யாருக்கு?"

"நடிக்கிறவளுக்குலா. பந்திங் ஊருப் பொண்ணு. நடந்து வந்தா போதும்டீ, அப்படியே நம்ம திருடி."

நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். நடிக்க வேண்டும் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கேமராவைப் பார்த்தால் என் தோள்கள் காதுவரை ஏறிவிடும். பள்ளி நாடகத்தில் எனக்கு மரம் வேடம் கொடுத்தார்கள்; அதிலும் விறைப்பாக இருந்ததாகச் சொன்னார்கள். ஆனாலும் 'நம்ம திருடி' என்று வேறு ஒருத்தியைக் காட்டியது எனக்கு உறுத்தியது.

தோழி என் முகத்தைப் பார்த்தாள். "மொகந்தான் அவளோடது. டயல் திருப்புற க்ளோஸ் அப் உன் கை. அத வேற யாருக்கும் குடுக்க மாட்டேன். ப்ரோமிஸ்."

அன்று முதல் வேலையிடத்தில் கையுறை போட ஆரம்பித்தேன். இரவில் விரல்களுக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். நகங்களை ஒரே அளவாக வெட்டினேன். இரும்புத் தகடு கீறிய பழைய தழும்பு ஒன்று ஆட்காட்டி விரலில் இருந்தது. அதற்கென்று ஒரு களிம்பு வாங்கினேன். என் முதலாளி பார்த்துவிட்டு, "என்னா, மாப்பிள்ள வீட்டுலேர்ந்து கை பாக்க வராங்களா?" என்றார். பட்டறையே சிரித்தது. நான் கையுறையைக் கழற்றவில்லை.

பந்திங் பெண் ஒரு சனிக்கிழமை எங்கள் பட்டறைக்கு மோட்டார் சைக்கிளில் வந்தாள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. மாலையில் ஒரு மண்டபத்தில் பெண்களுக்கு ஸும்பா சொல்லிக் கொடுக்கிறாள். இதற்கு முன் நடித்ததெல்லாம் கைப்பேசியில் எடுத்த குட்டிக் குட்டி நகைச்சுவைகள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலைமுடி தானாகவே சரியான இடத்தில் விழுந்தது.

அவளைப் பிடிக்காமல் போவதற்கான காரணங்களை நான் வரிசைப்படுத்த முயன்றேன். ஒன்று, தலைமுடி. இரண்டு, கேட்காமலேயே என்னை 'அக்கா' என்றாள். இத்தனைக்கும் எங்களுக்குள் ஒரு வயதுகூட வித்தியாசம் இல்லை. மூன்றாவதாக எதுவும் கிடைக்கவில்லை. நேரத்துக்கு வந்தாள். சொன்னதைக் கேட்டாள். வரும்போது எனக்கும் சேர்த்துத் தே ஓ ஐஸ், பாலில்லாத ஐஸ் தேநீர், பொட்டலமாக வாங்கி வந்தாள். சீனி குறைவாக வேண்டும் என்பதைக்கூட இரண்டாவது வாரமே நினைவு வைத்திருந்தாள். குறை சொல்ல எதுவும் தராத ஒருத்தி மீது பொறாமைப்படுவது சிரமமான வேலை.

பட்டறையின் மூலையில் ஒரு பழைய பெட்டி கிடந்தது. அதை வைத்துத்தான் பயிற்சி. எண்களை நானே போட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் நான் முதலில் திருப்பிக் காட்டுவேன். பிறகு அவள் திருப்புவாள். காட்டுவதற்கு முன் என் பாதுகாப்புக் காலணிகளைக் கழற்றிவிடுவேன். யோசித்துச் செய்வதல்ல. கிள்ளான் நகைக்கடைகளில் ஏறி இறங்குகிற யாருக்கும் அந்தப் பழக்கம் வந்துவிடும். பெட்டி என்றால் அதன் கதவில் மகாலட்சுமி படம் ஒட்டியிருக்கும்; மூன்று மூலையிலாவது குங்குமம் இருக்கும்; சப்பாத்துக் காலோடு கிட்டே போனால் கடைக்காரர் வாய் திறக்காமல் நம் காலைப் பார்ப்பார்.

என் முதலாளிக்கு அதிலும் ஒரு கேலி. "அது ஸ்க்ராப்புலா. அதுல இருந்த லட்சுமி எப்பவோ வீடு மாறிட்டா."

பந்திங் பெண் சிரித்தாள். ஏன் கழற்றுகிறேன் என்று கேட்கவில்லை. தானும் கழற்றினாள்.

மூன்றாவது வாரம் அவள் மணிக்கட்டு அசைவதை நிறுத்தியது. அதற்கடுத்த வாரம் மூன்று விரல்கள் மட்டும் டயலில் இருந்தன, மற்ற இரண்டும் காற்றில் லேசாக விரிந்திருந்தன. நான் அப்படி விரிப்பதில்லை. அது அவளாகச் சேர்த்தது. நன்றாகவும் இருந்தது.

தோழி அவ்வப்போது வேலை முடிந்து பட்டறைக்கு வருவாள். வரும் வழியில், உருளைக்கிழங்கும் முட்டைத் துண்டும் வைத்துப் பொரித்த கறிபாப் வாங்கி வருவாள். பள்ளி நாள் முதல் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு: கறிபாப்பை அவள்தான் இரண்டாகப் பிய்ப்பாள், முட்டைத் துண்டு எந்தப் பாதியில் இருக்கிறதோ அது எனக்கு. அவளுக்கு முட்டை பிடிக்காது என்று நீண்ட நாள் நம்பியிருந்தேன். கல்லூரிக் காலத்தில்தான் தெரிந்தது, பிடிக்கும் என்று. ஒரு நாள், அந்த மூலைப் பெட்டியின் மேல் உட்கார்ந்து அவள் பிய்த்த கறிபாப்பின் முட்டைப் பாதி பந்திங் பெண்ணின் கைக்குப் போனது. இருவரும் ஸும்பா வகுப்பில் யாரோ விழுந்த கதையைப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தோழி கவனிக்காமல் கொடுத்திருப்பாள். கவனித்துக் கொடுத்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

க்ளோஸ் அப் என்னுடையது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். முகம் போகட்டும். நடை போகட்டும். பெட்டி திறக்கும் கைகள் என்னுடையவை.

படப்பிடிப்புக்குக் கடையையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். என் வாடிக்கையாளர் ஒருவர் புதுத் தரை போடுவதற்காக நகைக்கடையை ஒரு வாரம் மூடியிருந்தார். நகைகள் எல்லாம் வேறு இடத்துக்குப் போய்விட்டன. பெட்டிக்குள் ஒரு மஞ்சள் கிழங்கும் ஒரு வெள்ளி நாணயமும் மட்டும் இருந்தன, வெறுமையாக விடக் கூடாது என்பதற்காக. கடைக்காரரின் மனைவி காலையிலேயே வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். லட்சுமி படத்தை எடுத்துவிடலாமா, இரும்பும் இருட்டும் மட்டும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோழி கெஞ்சிப் பார்த்தாள்.

"நீ திருடியக் கொண்டாந்து வைப்ப, நான் சாமியத் தூக்கிரணுமா? போம்மா."

படம் அங்கேயே இருந்தது. சிவப்பு விளக்கை அதன் மேல் விழவிட்டதும் தோழிக்கே பிடித்துப்போனது.

கண்ணாடிகளையெல்லாம் கறுப்புத் துணியால் மறைத்திருந்தார்கள். வெளியே நண்பகல்; பூமாலை விற்பவர் யாரையோ கூப்பிடும் சத்தம். உள்ளே படத்துக்கான நள்ளிரவு. பெயர்த்த தரையெங்கும் சிமெண்டுத் தூசி. நான் கைகளைக் கழுவி, துடைத்து, கையுறைக்குள் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். திட்டம் எனக்கு மனப்பாடம்: முதலில் அவள் நடந்து வந்து பெட்டிமுன் நிற்பது வரை ஒரு ஷாட். கட். பிறகு என் கைகள். கட். பிறகு கதவு திறந்ததும் அவள் முகம்.

தோழி 'ஆக்‌ஷன்' சொன்னாள். பந்திங் பெண் இருட்டிலிருந்து வந்தாள். கோட்டின் நுனி தூசியைத் தொடவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்றாள். அதோடு ஷாட் முடிந்திருக்க வேண்டும். அவள் குனிந்து, பூட்ஸின் பக்கவாட்டு ஜிப்பை இறக்கினாள். ஒரு கால். இன்னொரு கால். வளையலைக் கழற்றி வைப்பது போல இரண்டையும் ஓரமாகச் சேர்த்து வைத்தாள். வெறுங்காலோடு ஓர் அடி முன்னே வந்து, டயலில் மூன்று விரல்களை வைத்தாள்.

தோழி நிறுத்தவில்லை. கேமராமேன் மெல்ல அவளை நெருங்கினார். அவள் திருப்பினாள், எனக்கே கேட்காத எதையோ கேட்கிறவள் போலத் தலையைச் சாய்த்துக்கொண்டு. கடைசி எண். கைப்பிடி இறங்கியது. கதவு திறந்தது. கை முதல் முகம் வரை எல்லாம் ஒரே மூச்சில்.

பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து ஆன்டியின் குரல்தான் முதலில் வந்தது. "பாத்தீங்களா? திருட வந்தவளுக்குக்கூடத் தெரியுது. நீங்கள்ளாம் சப்பாத்தோட நிக்கிறீங்க."

விளக்குப் பிடித்தவர், ஒலி பதிவு செய்தவர், எல்லாரும் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். தோழி ஓடிப்போய்ப் பந்திங் பெண்ணின் தோளைப் பிடித்தாள்.

"எங்கேர்ந்துடீ வந்துச்சு அது?"

'டீ' எப்போது சேர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"எது?"

"சப்பாத்து!"

"அது மொத ஸ்டெப்புதானே?" அவள் குழப்பமாக என்னைப் பார்த்தாள். "அக்கா எப்பவும் கழட்டிட்டுத்தான் டயலத் தொடுவாங்க. தரை வழியா அதிர்வு தெரியும்னு நெனச்சேன். நானும் அப்படியே ப்ராக்டிஸ் பண்ணேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கணக்கிட்டேன். நான் காலணி கழற்றும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்துவேன். குதிகாலால் இன்னொரு குதிகாலை மிதித்து இழுப்பேன். கழற்றியது விழும் இடத்தில் கிடக்கும். அவள் என் பழக்கத்தை எடுத்து என்னைவிட நன்றாகச் செய்துவிட்டாள். அதை அவள் மறைக்கவும் இல்லை. 'அக்கா செய்வாங்க' என்று எல்லார் முன்னாலும் சொல்லியும்விட்டாள். கோபப்பட எனக்கு என்னதான் மிச்சம் வைத்தாள்?

நான் கையுறையைக் கழற்றினேன். "க்ளோஸ் அப் எடுக்கலாமா? கை ரெடி."

தோழி திரையில் அந்த ஷாட்டைத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலேயே அருகில் வா என்று சைகை காட்டினாள்.

"நீயே பாரு. கையும் மொகமும் சேந்தே வந்துருக்கு. நடுவுல வெட்டுனா செத்துரும்லா."

"ப்ரோமிஸ் பண்ணியே."

"பண்ணேன்." அவள் குரல் தாழ்ந்தது. "நீ சொல்லு, வெட்டவா? நீ வெட்டச் சொன்னா வெட்டுறேன். உண்மையாத்தான் சொல்றேன்."

பார்த்தேன். இரண்டாவது முறையும் பார்த்தேன். படிக்கட்டில் நாங்கள் உருவாக்கிய திருடி அங்கே இருந்தாள். எங்கே வெட்டினாலும் அவள் போய்விடுவாள். அதைச் சொல்லும் பொறுப்பையும் என்னிடமே கொடுத்துவிட்டாளே என்று இருந்தது.

"வெட்டாதே" என்றேன். நல்ல எழுத்துத் தமிழில் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான் வரும்.

தேநீர் இடைவேளையில், முந்தின ஷாட்டோடு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பெண் தோழியிடம் வந்து ஏதோ சொன்னாள். இருவரும் பந்திங் பெண்ணின் கால்களைக் குனிந்து பார்த்தார்கள். ஸ்டைலுக்காகக் காலுறை இல்லாமல் பூட்ஸ் போட்டிருந்ததால் இரண்டு குதிகாலும் தோலுரிந்து, பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தூரத்தில் தெரியவில்லை. ஆனால் பூட்ஸைவிட்டு வெறுங்கால் தூசியில் இறங்கும் ஒரு க்ளோஸ் அப் இல்லாமல் இந்தக் காட்சி முழுமையாகாது என்று தோழிக்குத் தோன்றிவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கீழே பார்த்தாள்.

"உன் காலு சைஸு என்னா?"

ஆன்டிதான் எனக்காகப் பேசினார். "நல்லாருக்கே! கையக் கேட்ட புள்ளைக்குக் காலக் குடுக்கிறியா?"

மறுத்துவிடலாம் என்று நினைத்தேன். மறுத்தால் ஒப்பனைக்காரப் பெண்ணின் கால் இருக்கிறது, அது போதும். அந்த நினைப்பே என்னை உட்கார வைத்தது. காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு, பந்திங் பெண்ணின் பூட்ஸுக்குள் என் கால்களை நுழைத்தேன். உள்ளே அவளுடைய சூடு இன்னும் இருந்தது. சரியான அளவு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

தோழி கேமராமேனை நகரச் சொல்லிவிட்டு, தானே சின்னக் கேமராவோடு சிமெண்டுத் தூசியில் குப்புறப் படுத்தாள். நான் ஜிப்பை இறக்கி, தத்தாமல், சுவரைப் பிடிக்காமல், மெதுவாக ஒரு காலை எடுத்து வைத்தேன்.

"கட்" என்றாள். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் பெண் குனிந்தாள். "சாக்ஸ் மார்க் இருக்கு. அங்க, கணுக்கால சுத்தி. அவங்களுக்கு இல்ல. கன்டினியூட்டி அடிபட்டுரும். பவுடர் போட்டு மறைக்கலாம்."

என் கணுக்கால்களைச் சுற்றி, நாள் முழுவதும் தடித்த காலுறை அழுத்திய வரிகள் சீப்பால் கீறியதுபோல இருந்தன. வேலைக்கு வந்த முதல் ஆண்டிலிருந்தே அவை முழுதாக மறைவதில்லை. ஒப்பனைக்காரப் பெண் பவுடர் டப்பாவோடு வந்தாள். நான் காலை நீட்டினேன்.

தோழி என் பாதத்துக்கு அருகில் முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள்: "வேணாம். இருக்கட்டும்."

"கன்டினியூட்டி, அக்கா..."

"இருக்கட்டும்னு சொன்னேன்லா."

எழுந்து முழங்கைத் தூசியைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்காக விட்டாளா, படத்துக்கு நன்றாக இருக்கிறது என்று விட்டாளா? அன்று நான் கேட்கவில்லை. கேட்டு, இரண்டாவது பதில் வந்துவிட்டால் என்ன செய்வது?

முதல் திரையிடல் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. தோழியும் பந்திங் பெண்ணும் முன்வரிசையில். நான் மூன்றாவது வரிசையில், நகைக்கடை ஆன்டிக்குப் பக்கத்தில். பூட்ஸ் கழன்றபோது மண்டபம் அடங்கியது. திரை முழுக்க என் கால் தூசியில் இறங்கியது. வரிகள் தெரிந்தன, கொஞ்ச நேரம்தான். பின்வரிசையில் யாரோ ஒருத்தி, "கால்கூட எப்படி இருக்கு பாரேன் அவளுக்கு" என்றாள். ஆன்டி என் தொடையைக் கிள்ளினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. என் கால்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் இல்லாமல் அவை அவளோடு போய்ச் சேர்ந்திருந்தன. அடுத்த ஷாட்டில் அவள் கை, அவள் முகம், கைதட்டல்.

முடிந்த பிறகு பந்திங் பெண்ணைச் சுற்றிக் கூட்டம். இளம்பெண்கள் சிலர் காலணியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அவளோடு படம் எடுத்தார்கள். நான் தண்ணீர்ப் பாட்டில் அடுக்கியிருந்த மேசையருகே நின்றேன். தோழி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"கோடு தெரிஞ்சுதா?"

அதைக் கேட்கத்தான் வந்திருந்தாள். வேறு யாரிடமும் பேசுவதற்கு முன்னால்.

"தெரிஞ்சுது."

"ப்ரோமிஸ் பண்ணிட்டு உன்ன சுத்தமா இல்லாமப் பண்ண முடியுமா?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. வரிசைப்படுத்த எதுவும் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பந்திங் பெண் வந்தாள். "அக்கா, பசி உயிர் போகுது. காலைலேர்ந்து சாப்டல."

மேசையில் கறிபாப் தட்டு இருந்தது. தோழி ஒன்றை எடுத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இரண்டாகப் பிய்த்தாள். முட்டை இருந்த பாதி, கை நீட்டியிருந்த பந்திங் பெண்ணிடம் போனது. மற்றப் பாதி எனக்கு வந்தது, உருளைக்கிழங்கோடு. பந்திங் பெண் ஒரே வாயில் கடித்தாள். மஞ்சள் கரு அவள் உதட்டோரத்தில் ஒட்டியது. தோழி அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

நான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தேன்.